ஏழாவது ஈயின் பெயர்

பிப்ரவரி 11

அக்கா,

நீ அனுப்பின கட்டுரை ப்ரூஃப் கட்டு வந்துச்சு. மேலே ஒரு சின்னச் சீட்டு: "பிடிச்ச இடம், தேதி எல்லாம் சரியான்னு ஒரு தடவை பார்த்துக் குடு. நன்றி சொல்ற பக்கத்துல உன் பேரையும் போட்டிருக்கேன்." ஆஸ்பத்திரி லேப்ல இருந்து வந்து, முகம் கழுவி, விளக்கைப் போட்டு ஆசையாத்தான் உக்காந்தேன். இல்லாம? அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மியூசியத்துல உன்கூட வேலை பார்த்தப்போ நான் மரம் மரமா நின்னு, வாயில குழாயை வச்சு உறிஞ்சிப் பிடிச்ச ஈங்க. எள்ளு அளவுதான் இருக்கும். அதுக்குள்ளே அவ்வளவு ஆத்திரம், தன்னைவிடப் பெரிய கொசுவைக்கூட கழுத்துல குத்திச் சாப்பிட்டுடும். உலகத்துல யாரும் இதுவரைக்கும் எழுதாத ஒன்பது இனம். முதல் ஆறும் படிச்சேன். உன் படங்களைப் பார்த்து எனக்கே பெருமையா இருந்துச்சு.

ஏழாவதுக்கு வந்தேன்.

அந்த ஆள் பேரை வச்சிருக்கே.

முதல்ல கண்ணு சரியில்லையோன்னு நினைச்சேன். அப்புறம் கீழே விளக்கம்: "முப்பது ஆண்டுகள் இத்துறையை வழிநடத்திய தலைவருக்கு நன்றியுடன்." நன்றியுடன்! ஒன்பதுலயே அழகானது அதுதான். மஞ்சள் கால், நடுக்கால் தொடை மட்டும் பருத்து, உள்பக்கம் ரெண்டு வரிசை முள். அதைப் பிடிச்ச அன்னிக்கு உன்கிட்ட ஓடி வந்து காட்டினேனே, ஞாபகம் இருக்கா? அதுக்கா அந்தப் பேரு?

தேதி, இடம் எல்லாம் சரியா இருக்கு. பேர்தான் தப்பு. எடுத்துடு.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். நீ போன்ல இழுத்து இழுத்துப் பேசினா நான் கடைசியில சரி சரின்னு தலையாட்டிடுவேன். எதுவா இருந்தாலும் எழுது.

தங்கச்சி

பிப்ரவரி 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். பிறகுதான் எழுத உட்கார்ந்தேன், அதனால் நீயும் கொஞ்சம் நிதானமாகப் படி.

துறைத் தலைவர் பேரை ஒரு இனத்துக்கு வைப்பது எங்கும் உள்ள வழக்கம். ஐயா ஜூனில் ஓய்வு பெறுகிறார். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. "எனக்குன்னு ஒரு ஈ கூட இல்லாமப் போயிடுவேன் போல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார், அவ்வளவுதான். ஏழாவதை அவரேதான் காட்டினார், இது நல்லா இருக்கேன்னு. நான் முடியாதுன்னு சொல்ல முடியுமா? என் வேலை ஒவ்வொரு வருஷமும் அவர் கையெழுத்தில்தான் நீள்கிறது. இந்தக் கட்டுரையை எழுதியவர்களிலும் அவர் பேர் இருக்கிறது.

நீ கோபித்துக்கொண்டு போய்விட்டாய். போகிறவர்களுக்கு வசதிதான். ஒரு ஸ்லைடு உடைந்தது, அவர் ஒரு குறிப்பு எழுதினார், நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். அதற்கப்புறம் நீ பிடித்துப் போட்ட குப்பிகளை எல்லாம் யார் பிரித்தது? எந்த இனம் என்று காட்டிக்கொடுக்கும் ஒவ்வொரு ஆண் ஈயின் வால் நுனியையும் வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்து, கிளிசரின் சொட்டில் போட்டுத் திருப்பித் திருப்பி வரைந்தது யார்? உன் ஈ, உன் ஈ என்கிறாயே, பிடித்தது மட்டும்தான் நீ. அது புது இனம் என்று கண்டுபிடித்தது நான். இதற்கு நடுவே அம்மாவின் முழங்காலுக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததும் நான்தான். நீ ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறாய், மாதம் ஒரு தடவை போனில் "அம்மா எப்படி இருக்கா"ன்னு கேட்பதோடு சரி.

ப்ரூஃபை மார்ச் இருபதுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பேருக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டம் வேண்டாம்.

அக்கா

பிப்ரவரி 20

அக்கா,

"ஒரு ஸ்லைடு உடைந்தது." எப்படி உடைஞ்சதுன்னு உனக்கு மறந்துபோச்சுன்னே வச்சுக்கலாம். திரும்பச் சொல்றேன், ஒரே ஒரு தடவை.

மைக்ரோஸ்கோப்ல ரெண்டு கண்ணையும் வச்சுக் குனிஞ்சா உலகமே அந்த வட்டம்தான். பின்னாடி யானை வந்து நின்னாலும் தெரியாது. என் கையில ஊசி, கீழே ஒரு ஆண் ஈயோட வால் நுனி. கதவு சாத்தின சத்தம்கூடக் கேக்கலை. "தெரியுதாம்மா? நல்லாத் தெரியுதா?"ன்னு காதுக்குப் பக்கத்துல குரல். கை தோள்ல இருந்துச்சு. அப்புறம் தோள்ல இல்லை. நான் முழங்கையால பின்னாடி ஒரு இடி இடிச்சேன். என் கையும் ஆடிச்சு, ஸ்லைடு தரையில விழுந்துச்சு. "பார்த்தியா, எவ்வளவு அஜாக்கிரதை"ன்னான். ஒரு நிமிஷம்கூட ஆகலை அதுக்கு! சாயங்காலம் குறிப்பு வந்துச்சு, கவனக்குறைவால் அரிய மாதிரிக்குச் சேதம்னு.

அன்னிக்கு மத்தியானமே மாடிப்படியில உன்கிட்ட சொன்னேன். நீ சாப்பாட்டு டப்பாவை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. எழுந்திருக்கக்கூட இல்லை. என்ன சொன்னே தெரியுமா?

"நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கோ. கதவு தெரியற மாதிரி."

அவ்வளவுதான் உன் வாயில வந்துச்சு. அப்புறம் டப்பாவை மூடிட்டே.

நான் கோபிச்சுக்கிட்டுப் போகலை அக்கா. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்கார என்னால முடியலை, அதனால போனேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில் பூச்சி. அதை விட்டுட்டு இப்போ நாள் பூரா ஊரார் ரத்தத்துக்குச் சாயம் போட்டுக்கிட்டு இருக்கேன்.

அம்மா விஷயம் நீ சொன்னது சரி. ஆனா அதையும் இதையும் ஒரே தட்டுல வைக்காதே.

ஒரு பேருக்காகவான்னு கேக்கறே. உனக்கே தெரியும், ஒரு தடவை அச்சுல ஏறிட்டா அந்தப் பேரை யாராலயும் மாத்த முடியாது. நீயே நினைச்சாலும் முடியாது. நாமெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகும் எவளோ ஒரு பொண்ணு ஒரு மரத்துல அந்த ஈயைப் பிடிப்பா. மைக்ரோஸ்கோப்ல குனிஞ்சு பார்த்துட்டு, அதோட பேர் என்னன்னு தேடுவா. அவன் பேரைத்தான் படிக்கணுமா அவ?

தங்கச்சி

பிப்ரவரி 27

என் மேஜை எங்கே இருக்குன்னு ஒரு நாளாவது கவனிச்சியா நீ?

எல்லாரும் ஜன்னல் வெளிச்சத்துக்காக ஜன்னலைப் பார்த்து உக்காந்திருப்பாங்க. நான் மட்டும் மூலையில, சுவருக்கு முதுகைக் குடுத்து, மூஞ்சியைக் கதவுப் பக்கம் வச்சுக்கிட்டு, பட்டப்பகல்ல விளக்கு போட்டுக்கிட்டு வேலை பார்ப்பேன். "எங்க அக்கா ஒரு ஆந்தை"ன்னு நீகூடக் கேலி பண்ணியிருக்கே. நானும் சிரிச்சேன். ஏன்னு கேட்டியா?

எனக்கு யாரும் சொல்லித் தரலை. நான் சேர்ந்தப்போ எனக்கு அக்கா இல்லை அந்த அறையில. நானாவே திருப்பிப் போட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் எனக்குத் தொந்தரவு இல்லை. அதைத்தான் உனக்கும் சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி அதுதான், அதை உனக்குக் குடுத்தேன். அதைப் போய் அஞ்சு வருஷமா மனசுல வச்சு என்னைக் குத்தறியே!

நான் யார்கிட்ட போய்ச் சொல்லியிருக்கணும்? சொல்லு. அப்பா தவறிப்போன வருஷம் அது. நீ அப்போ காலேஜ். என் சம்பளத்துலதான் நீ பூச்சி படிச்சே.

பேரைப் பத்தி இனிமே என்கிட்ட பேசாதே.

மார்ச் 4

அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு லேப்ல ரெண்டு பேர் ரத்தத்தை மாத்தி வச்சுட்டேன். நல்லவேளை, கூட இருந்த பொண்ணு பார்த்துட்டா.

உன்னையுமா?

ஏன் சொல்லலை? நான் அந்த அறைக்கு வேலைக்கு வர்றேன்னு சொன்னப்போ நீதானே எனக்காக விண்ணப்பம் வாங்கிட்டு வந்தே? முதல் நாள் நீதானே அவன்கிட்ட கூட்டிட்டுப் போய், "ஐயா, இவ என் தங்கச்சி"ன்னே? நாலு வார்த்தை சொல்ல முடியலையா உன்னால? நீ சொல்லியிருந்தா நான் அந்த வேலைக்கு வந்திருக்க மாட்டேன். வந்தாலும் கையில ஊசியோட வேற மாதிரி உக்காந்திருப்பேன்.

உனக்காக நான் பரிதாபப்படணும். படறேன். ஆனா கோபம் அதைவிடப் பெரிசா இருக்கு, வழி விட மாட்டேங்குது.

உன்மேல கை வச்சவன்னு தெரியும். என்மேலயும் வச்சான்னு தெரியும். அப்புறம் எப்படிக்கா உக்காந்து, அழகான எழுத்துல, "நன்றியுடன்"னு எழுத உன் கை வந்துச்சு?

என் படிப்புக்கு நீ போட்டதை நான் மறக்கலை. அதுக்கு விலை இதுதான்னா, எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம். திருப்பி எடுத்துக்கோ.

மார்ச் 17

தங்கச்சிக்கு,

பேரை அடித்துவிட்டேன்.

பச்சை மையால் ஒரே கோடு. "நன்றியுடன்" வரியையும் சேர்த்து. பேருக்கான இடத்தை வெறுமையாக விட்டு ப்ரூஃபை அவர் மேஜையில் வைத்தேன், ஏனென்றால் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். நேற்று காலை எல்லாரையும் மைக்ரோஸ்கோப் அறைக்குக் கூப்பிட்டார். புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க, படம் எடுக்கிறவர், பூச்சிப் பெட்டி அறைப் பொறுப்பாளர், டைப்பிஸ்ட் அம்மா, நான். கையில் ப்ரூஃப்.

"என்னம்மா, ஏழாவதுக்குப் பேரே காணோம்? அநாதையா விட்டுட்டே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"பேரை மாத்தறேன்" என்றேன்.

"காரணம்?"

உண்மையைச் சொல்கிறேன், நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒலி சரியில்லை, இலக்கணம் இடிக்குது என்கிற மாதிரி. அது வாய்க்கு வரவில்லை. வேறதான் வந்தது.

"அந்த ஈயைப் பிடிச்சவ மேல நீங்க கை வச்சீங்க. அதுக்கு முன்னாடி என் மேல வச்சீங்க. அதனால."

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "உன் தங்கச்சி வேலை தெரியாம ஸ்லைடை உடைச்சவ. அதை மறைக்க இப்படி ஒரு கதை. நீயும் அதை நம்பிக்கிட்டு..." என்று ஆரம்பித்தார். அப்போது டைப்பிஸ்ட் அம்மா, தலையை நிமிர்த்தாமலே, "ஆமா" என்றார். யாருக்கும் புரியவில்லை. திரும்பவும், "ஆமா. அவங்க சொல்றது சரி. எனக்கும்தான்" என்றார். அந்த அம்மாவுக்குப் பேரன் இருக்கிறான்.

படம் எடுக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல், "எல்லாருக்கும் டீ சொல்லட்டுமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், நிறுத்த முடியவில்லை. அழுகிறேன் என்று நினைத்து ஒரு பொண்ணு தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

மத்தியானம் என்னிடமிருந்து பெட்டி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கட்டுரை நிறுத்தம். இன்றிலிருந்து எனக்குக் கீழ்த்தளத்தில், பாடம் பண்ணின பறவைகளுக்குத் தூசி தட்டுகிற வேலை. முதல் நாளே ஒரு கழுகின் கண் என் கையோடு வந்துவிட்டது.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

என்னைக் கேட்டியா?

அடிச்சுட்டேன்னு ஒரு வரி எழுதியிருந்தா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். பேரை எடுன்னுதான் சொன்னேன். என் கதையை எடுத்து அறை நடுவுல வைன்னு சொன்னேனா? உன் கதையைச் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. என்னோடதை எப்படிச் சொல்லலாம் நீ?

என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடியும் சொல்லலை, பின்னாடியும் சொல்லலை. சொல்லக்கூடாதுன்னு இல்லை, சொல்ற நாளை நானே பார்த்துக்கலாம்னு இருந்தேன். உன் படம் எடுக்கிறவர், அந்த டீக்காரர், அவருக்கு போன் பண்ணி, "கேள்விப்பட்டேன், பாவம் உங்க வீட்டுல"ன்னு விசாரிச்சிருக்கார். நான் வேலை முடிஞ்சு வர்றேன், மனுஷன் விளக்குகூடப் போடாம உக்காந்திருக்கார். "எனக்கு ஏன் சொல்லலை?"ன்னு ஒரே கேள்வி.

அவருக்குக் கோபம் இல்லை. அதுதான் தாங்கலை. ரொம்பப் பதமாப் பேசறார். நான் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டாலே எட்டிப் பார்க்கிறார். கண்ணாடிச் சாமான் மாதிரி என்னைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். அஞ்சு வருஷம் கஷ்டப்பட்டு நான் சாதாரணமா ஆகியிருந்தேன். இப்போ என் வீட்டுலயே நான் பாவம் ஆயிட்டேன்.

நீ நல்லாத் தூங்கினியாம். நல்லது. தூங்கு.

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றிச் சொன்னது தப்பு. என்னைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கலாம், அதற்கே பேர் மாறியிருக்கும். அந்த நிமிஷத்தில் நான் உனக்காகப் பேசுவதாக நினைத்தேன். படிக்கட்டில் பேசாததை அங்கே பேசிவிடலாம் என்று. இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். மாப்பிள்ளையிடம் நானே வந்து பேசட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை. அது உன் வீடு.

மற்றதை எல்லாம் நீ திட்டினாலும் நான் திரும்பச் செய்வேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். டைப்பிஸ்ட் அம்மாவும் புதுப் பெண்களில் ஒருத்தியும் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். உன்னையும் கேட்கச் சொன்னார்கள். "அவளை நான் கேட்க மாட்டேன், வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள், வருவதும் வராததும் அவள் இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். கட்டுரையைத் தடுக்கக்கூடாது என்று அந்தக் குழுவே சொன்னது. எழுதியவர்களில் அந்த ஆள் பேர் இல்லாமல் வரலாம். ஆய்விதழ்க்காரர்களும் சரி என்றார்கள். நேற்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெட்டி அறைக்குப் போனேன்.

எட்டு இனமும் இருக்கிறது. ஏழாவதைக் காணோம்.

காணோம் என்றால் எப்படிச் சொல்ல. ஊசி இருக்கிறது. ஊசியில் நான் குத்தின சிவப்புச் சீட்டு இருக்கிறது, இந்த இனத்துக்கு ஆதாரம் இதுதான் என்று நானே எழுதினது. ஈயை ஒட்டியிருந்த முக்கோண அட்டை இருக்கிறது. அட்டை நுனியில் ஈ இல்லை. பசை மட்டும் பளபளன்னு இருக்குது. மொத்தமே மூணு ஈதான், மூணு அட்டையும் காலி. வால் நுனி போட்டிருந்த குட்டிக் குப்பியும் காலி. "பெட்டிக்குள்ள வண்டு விழுந்து அரிச்சிருக்கும்"னு அந்த ஆள் சொல்லியனுப்பினான். அதே பெட்டியில் பக்கத்து வரிசையில் நூறு ஈ, ஒண்ணுக்கும் ஒரு கால்கூட உடையலை! ஏழாவது வரிசையை மட்டும் தேடித் தேடித் தின்ன வண்டு!

ஆதார ஈ இல்லாமல் புது இனம் இல்லை. என் படத்தை வைத்து மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. "எட்டோடு போடலாமா?" என்று கேட்டு ஆய்விதழிலிருந்து எழுதியிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். முதல் மழைக்குப் பிறகு ரெண்டு மூணு வாரம்தான் அது மரத்தில் இருக்கும் என்று நீதான் சொல்வாய். நான் நேற்று சாயங்காலமே நீ அதைப் பிடித்த நீரேற்று நிலையத்துக்குப் பின்னாடி போய்த் தேடினேன். என் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு மரத்தில் ஈ பார்க்கத் தெரியாது, கண்ணாடிக்குக் கீழேதான் தெரியும்.

நீ போவாயா? எனக்காக வேண்டாம். கிடைத்தால் உன் பேரையே வைக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 19

அக்கா,

மூணு ஞாயிறு போனேன். உனக்காக இல்லை. வண்டு தின்னுச்சாமே, அந்த வார்த்தைக்காக.

முதல் தடவை ஒண்ணுமில்லை, வெறும் எறும்பு. ரெண்டாவது தடவை வீட்டுக்காரர் நானும் வர்றேன்னு குப்பிப் பையைத் தூக்கிக்கிட்டார். நான் மரத்துல கன்னத்தை ஒட்டி வச்சு, வெயில் சாய்ஞ்சு விழற பக்கமாப் பார்த்துக்கிட்டு நிக்கறேன், மனுஷன் பின்னாடி நின்னு, "ஜாக்கிரதை, வழுக்கும்... ஜாக்கிரதை, எறும்பு"ங்கறார். கடைசியில அவர் நிழலே மரத்துல விழுந்து இருந்த ஒண்ணும் ஓடிப்போச்சு. எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! "அறிவிருக்கா உங்களுக்கு? நகருங்க அந்தப் பக்கம்! பூச்சி பிடிக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு வர்றீங்க?"ன்னு கத்திட்டேன். நீரேற்று நிலையக் காவல்காரர் ஓடி வந்துட்டார். என் மனுஷன் என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம், "அப்பாடா"ன்னார். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே வந்தோம். இப்போ பழையபடி ஆயிட்டார், பாத்திரத்தை நான் போட்டு உடைச்சாலும் எட்டிப் பார்க்கறது இல்லை.

நேத்து கிடைச்சுது. தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல நாலாவது மரம், இடுப்பு உயரம். ரெண்டு ஆண், மூணு பெண். பெண் ஈயை நாம பார்த்ததே இல்லையே, உன் பழைய மூணும் ஆண்தானே? பெண் இன்னும் கொஞ்சம் பெரிசு. ஒண்ணை உடனே பிடிக்கலை. பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரு கொசுவைப் பாய்ஞ்சு அமுக்குச்சு, அந்த முள்ளு நடுக்கால் ரெண்டாலயும் இறுக்கிப் பிடிச்சு, கழுத்துல குத்துச்சு. அப்புறம் மத்த ஈங்க மாதிரி அங்கேயே நின்னு சாப்பிடலை. கொசுவை விடாம, பின்பக்கமாவே ஓடி, பட்டை வெடிப்புக்குள்ள புகுந்துடுச்சு. முன்னாடி வர்ற எதுல இருந்தும் கண்ணை எடுக்காமப் பின்பக்கமா ஓடுது அக்கா! ஒரு தடவை இல்லை, அஞ்சும் அப்படித்தான். இதை யாரும் எழுதினது இல்லைன்னு நினைக்கிறேன். நான் எழுதியிருக்கேன். எங்க லேப் மைக்ரோஸ்கோப்ல, சாப்பாட்டு நேரத்துல, பெண் ஈ முழுசும் அளந்து எழுதிட்டேன். சரி பார்த்துக்கோ, ஆனா என் வாக்கியத்தை உன் இலக்கணத்துக்கு மாத்தாதே.

பேர் விஷயம். என் பேரை வச்சே, தொலைச்சுடுவேன். பரிசு மாதிரி நீட்டறே பாரு, அதுவும் எனக்குப் பிடிக்கலை. அவனுக்குக் குடுத்ததைப் பிடுங்கி எனக்குக் குடுப்பியா? நான் செத்த பிறகும் யார் யாரோ என்னைக் கண்ணாடிக்குக் கீழே போட்டுக் குனிஞ்சு பார்க்க வேண்டாம். ஆள் பேரே வேண்டாம். ஈக்கு ஈயோட பேர் இருக்கட்டும்.

குழு கூப்பிட்டாங்க. வியாழக்கிழமை போறேன். என் வாயால சொல்லிக்கறேன். நீ அன்னிக்கு அங்கே வராதே.

பார்சலைத் தலைகீழா வைக்காதே.

தங்கச்சி

மே 25

தங்கச்சிக்கு,

முதலில் கெட்ட செய்தி. குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. நாங்கள் நாலு பேர் சொன்னதும் நம்பத்தக்கது என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு எழுதிவிட்டு, அந்த ஆள் "உடல்நிலை காரணமாக" ஒரு மாதம் முன்னதாகவே ஓய்வு பெற அனுமதித்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மேல் மாடிக் கூடத்தில் பிரிவு விழா நடந்தது. நான் போகவில்லை, டைப்பிஸ்ட் அம்மாவும் போகவில்லை. இன்னும் பறவைகளோடு கீழ்த்தளத்தில்தான் என் வேலை, அங்கேயே கைதட்டல் கேட்டது. அரிய மாதிரிகளைக் கண்ணைப் போலக் காத்தவர் என்று பேசினார்களாம். ஈக்களைப் பற்றி ஒருத்தர் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் இருந்த தூசி தட்டும் துணியை ஒரு வாத்தின் மேல் வீசினேன். வாத்து என்ன செய்யும், பாவம்.

உன் பணிக் கோப்பில் இருந்த அந்த ஸ்லைடு குறிப்பை நீக்கச் சொல்லி நீ கேட்டாயாமே. நீக்கிவிட்டார்கள். நான் பார்க்கும்போதே எடுத்தார்கள்.

மற்றது இந்தக் கட்டில் இருக்கிறது. வெளிவந்துவிட்டது, ஒன்பதும். சிவப்புச் சீட்டு நீ பிடித்த ஆண் ஈக்கு. ஏழாவதின் பேருக்கு, உயிரினங்களுக்குப் பேர் வைக்கிற பழைய மொழியில், "பின்னோக்கி ஓடுவது" என்று அர்த்தம். அது செய்கிறது, அதையே வைத்தேன். ஆள் யாரும் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் உன் பேச்சைக் கேட்க மாட்டேன். ஒரு இனத்தின் பேரை எழுதும்போது பக்கத்தில் அதை விவரித்தவர் பேரும் வரும், அது விதி. ஏழாவதில் பாதிக்கு மேல் நீ எழுதினது. உன் பேர் முதலில், என் பேர் அடுத்து. இது பரிசு இல்லை. நீ எழுதினாய், அதனால் இருக்கிறது. உன் வாக்கியம் ஒன்றையும் நான் மாற்றவில்லை, ரெண்டு இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா உன்னைக் கேட்டாள். நீ ஏன் போனாய் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

அக்கா

ஜூன் 3

அக்கா,

கட்டு வந்துச்சு. ஏழாவது பக்கத்தைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தேன். நம்ம ரெண்டு பேர் பேரும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா இருக்கறதை அவர் சட்டம் போட்டு மாட்டணும்ங்கறார். ஈயைப் போய் யாராவது மாட்டுவாங்களான்னு திட்டினேன். கடைக்கு அளவு எடுத்துட்டுப் போயிருக்கார்.

கண்ணைப் போலக் காத்தவராம். அதைப் படிச்சதுல இருந்து கொதிச்சுக்கிட்டு இருக்கேன். கைதட்டினவங்க ஒவ்வொருத்தர் வீட்டு வாசல்லயும் போய் நின்னு கத்தணும் போல இருக்கு. அந்தக் குழுவுல இருந்த அம்மா என் கையைப் பிடிச்சு, "தைரியமாச் சொன்னீங்க"ன்னாங்க. தைரியத்துக்கு நம்மளைப் பாராட்டிட்டு, அவனுக்கு விழா எடுத்துட்டாங்க. நான் மேல எழுதப் போறேன். ஈக்களை யார் எடுத்தாங்கன்னு தனியா விசாரிக்கணும். நீயும் கையெழுத்துப் போடறே. டைப்பிஸ்ட் அம்மாகிட்ட நானே கேக்கறேன்.

உன்மேல இருக்கற கோபமும் தீரலை, தீர்ந்துடுச்சுன்னு நினைச்சுக்காதே. என் விண்ணப்பத்தை நீ வாங்கிட்டு வந்த அந்த நாளைப் பத்தி நான் உன்கிட்ட நேர்ல கேக்கணும். நீ பதில் சொல்லணும். அதை எழுத்துல வச்சுக்க எனக்கு இஷ்டம் இல்லை. அம்மாகிட்ட நான் வந்து சொல்லிக்கறேன்.

இன்னொண்ணு. அச்சுல ஒரு தப்பு. அஞ்சாவது இனத்துக்குப் பின்கால் கருப்புன்னு போட்டிருக்கே, அது பழுப்பு. உனக்கு வயசாகுது.

அப்புறம், ஏப்ரல்ல பிடிச்ச குப்பிங்கள்ல ஒண்ணை நான் திறக்காமலே வச்சிருந்தேன். நேத்துதான் பார்த்தேன். அதே மரம், அதே நாள். ஆனா உடம்பு பூரா கருப்பு, நடுத்தொடையில முள்ளு ஒரே வரிசை. நம்ம ஒன்பதுல எதுவும் இல்லை. நாலு தடவை பார்த்துட்டேன். ஆண் ஈதான், வாலை வெட்டிப் பார்த்தா புது இனமான்னு தெரிஞ்சுடும், ஆனா என் கைக்கு அது வராது.

ஞாயித்துக்கிழமை வா. சண்டையை முதல்ல போட்டுக்கலாம், அதுக்கப்புறம் ஈயைப் பார்க்கலாம். வரும்போது நல்ல ஊசியா ரெண்டு கொண்டு வா, இங்கே இருக்கறதெல்லாம் மொண்ணை.

தங்கச்சி